க்யூ சாக் எது வாங்கலாம்? காசைக் கரைத்தவன் சொல்கிறேன்

பில்லியர்ட்ஸ் மாதிரி மேசையில் ஆடும் பூல் ஆட்டக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். க்யூ என்கிற குச்சி, வைட்டில், அதாவது நாம் அடிக்கும் வெள்ளைப் பந்தில், சரியாகப் பட்டால் ‘டொக்’ என்று அடக்கமாகக் கேட்கும். வழுக்கினால் ‘டிக்’ என்று கூர்மையாக ஒரு சத்தம் வரும். வைட் எங்கோ பக்கவாட்டில் ஓடும், பக்கத்து டேபிளில் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருடம் ஐந்து மாதம் நான் இப்படித்தான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். பழியை, குச்சி நுனி வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் கட்டி மேல் போட்டேன். ஒன்று மாற்றி ஒன்று என்று நாலு வகை வாங்கினேன். அதில் ஒன்று கடல் கடந்து வந்தது. மொத்தச் செலவு கிட்டத்தட்ட எட்டாயிரம் ரூபாய்.

கடைசியில் நான் ஆடும் பார்லரில் பல வருடமாக இருக்கும் மார்க்கர் (டேபிளையும் ஸ்கோரையும் பார்த்துக்கொள்பவர்) என் குச்சியை வாங்கி, நுனியில் ஒட்டியிருக்கும் தோலான டிப்பின் மேல் கட்டைவிரலை ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டிப்பு கண்ணாடியாட்டம் இருக்கு தம்பி. இதுல எந்தச் சாக்கு நிக்கும்?” உப்புத்தாளை எடுத்து இரண்டு நிமிடம் வேலை பார்த்தார். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வழுக்கல் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, அதுவும் டேபிளில் கிடந்த ஓசிச் சாக்கை வைத்துக்கொண்டே.

நீங்கள் புதிதாக ஆட வந்திருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். சாக் வாங்குவது நாலாவது படியில்தான் வருகிறது.

1. முதலில் டிப்பைப் பாருங்கள்

குச்சியின் நுனியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தோல் பளபளவென்று இருந்தால் அதில் சாக் ஒட்டாது. பார்வைக்கு நீலமாக இருக்கும், ஆனால் முதல் அடியிலேயே உதிர்ந்துவிடும். டிப் ஷேப்பரோ உப்புத்தாளோ வைத்து மேலாக உரசி, தோலின் சொரசொரப்பை வெளியே கொண்டுவாருங்கள். அழுத்தித் தேய்த்தால் டிப்பின் ஆயுள்தான் குறையும்.

அடுத்து வடிவம். தட்டையாகிப்போன டிப்பில் ஓரம்தான் பந்தில் படும், ஓரத்தில் சாக் நிற்பது கஷ்டம். பூல் குச்சிக்கு டிப்பின் வளைவு ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு மாதிரி இருந்தால் போதும். நாணயத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிப் அமுங்கிப்போய், குச்சியின் அகலத்தை மீறிக் காளான் மாதிரி பிதுங்கியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். பெரும்பாலான பார்லர்களில் மார்க்கரே மாற்றித் தருவார். ஒட்டிய பசை காய ஒரு நாள் விட்டுவிட்டு ஆடுங்கள், அவசரப்படாதீர்கள்.

சொந்தக் குச்சி இல்லாமல் பார்லர் குச்சியில் ஆடுகிறவர்கள், குச்சி நேராக இருக்கிறதா என்று டேபிளில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்டாண்டில் இருக்கும் பத்துக் குச்சியின் டிப்பையும் பாருங்கள். லேசாக வளைந்த குச்சியில் கூட ஆடிவிடலாம், மொட்டை டிப்பில் ஆட முடியாது.

2. தப்பு சாக்கிலா, கையிலா? ஒரு சோதனை

இதற்குப் பைசா செலவில்லை. கோடு போட்ட பந்து ஒன்றை, ஒன்பதாம் எண்ணோ பத்தாம் எண்ணோ, வைட்டுக்குப் பதிலாக வையுங்கள். கோடு பூமிக்கு இணையாகப் பட்டையாகச் சுற்றி வர வேண்டும். டிப்பில் நன்றாகச் சாக் பூசிக்கொண்டு, பட்டையின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே குறி வைத்து ஸ்க்ரூ (பந்து பின்னால் சுழலும்படி கீழே அடிப்பது) அடியுங்கள். அடித்ததும் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிப் எங்கே பட்டதோ அங்கே சாக் பொட்டு வைத்திருக்கும்.

பொட்டு பட்டைக்குள்ளேயே இருந்து, அப்படியும் வழுக்கினால் டிப்பிலோ சாக்கிலோ கோளாறு. பட்டையைத் தாண்டி வெள்ளைப் பகுதியில் இருந்தால் கோளாறு உங்கள் கையில். பந்தின் நடுவிலிருந்து அதன் ஆரத்தில் ஏறக்குறைய பாதி தூரம்வரைதான் டிப் பிடிக்கும். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர், ஆக நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் எவ்வளவு விலை உயர்ந்த சாக்காக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். பட்டையின் விளிம்பு கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் இருக்கிறது, நமக்கு வசதி.

நான் இருபது அடி அடித்துப் பார்த்தேன். ஏழு பொட்டு பட்டைக்கு வெளியே. குறி வைத்தது ஒரு இடம், பட்டது ஒரு இடம். இதைச் சாக் கடைக்காரர் எவரும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

3. சாக்கிடம் எதை எதிர்பார்க்கலாம்

பெயர்தான் சாக். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கும் இதற்கும் உறவில்லை. இது சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் நிறமும் பசையும் கலந்து செய்தது. உப்புத்தாளில் இருக்கிற அதே சாதி மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கும் வழவழப்பான பந்துக்கும் நடுவே உட்கார்ந்து பிடிப்பைக் கொடுப்பதுதான் அதன் வேலை. கல்லூரி நாளில் சாக் தீர்ந்துபோய், வகுப்பிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து வந்து டிப்பில் தேய்த்திருக்கிறோம். அது பவுடர் போட்ட மாதிரி இன்னும் வழுக்கியது.

“இந்தச் சாக் போட்டால் ஸ்பின் அதிகம் வரும்” என்று பெட்டியில் எழுதியிருக்கும், பார்லரிலும் சொல்வார்கள். நம்பிக் காசு போடாதீர்கள். டிப் வழுக்காமல் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஸ்பின்னைத் தீர்மானிப்பது எங்கே அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகம் என்பவைதான். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவ் அல்சியாட்டோரி, அதிவேகக் கேமராவை வைத்துப் பல வருடம் சொல்லிவரும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

விலை ஏற ஏற நமக்குக் கிடைப்பது வேறு. ஒரு தடவை பூசினால் கூடுதல் அடிகளுக்கு நிற்கும். சில வகைகள் வைட்டிலும் துணியிலும் கறை குறைவாக வைக்கும். அந்தக் கறை விஷயம் சின்னதில்லை. வைட்டில் ஒட்டிய சாக், சரியாக இன்னொரு பந்தில் படும் இடத்தில் வந்து மாட்டினால் இரண்டு பந்தும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, போட வேண்டிய பந்து கோணம் மாறிப் போகும். ஸ்நூக்கர்காரர்கள் கிக் என்று சொல்வது இதைத்தான். மெதுவாக அடிக்கும்போது கூடுதலாகத் தெரியும்.

4. வகையும் விலையும்

பெயர் இல்லாத சாக்: விளையாட்டுச் சாமான் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது செங்கல் மாதிரி இருக்கும், அதற்கடுத்தது மாவாக உதிரும். விலைக்காக இதை வாங்க வேண்டாம்.

மாஸ்டர், ட்ரையாங்கிள்: இரண்டும் சிகாகோவின் ட்வீட்டன் கம்பெனி சாக். உலகம் முழுக்க மாஸ்டர் பூல் டேபிளிலும், ட்ரையாங்கிள் ஸ்நூக்கர் டேபிளிலும் கிடப்பவை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பூச வேண்டும், தூசி கொட்டும், வைட்டில் பொட்டு வைக்கும். ஆனால் வேலையைச் செய்யும். பன்னிரண்டு உள்ள பெட்டி சில நூறு ரூபாய். நண்பர்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கினால் தலைக்கு மூன்று வரும், வருடக்கணக்கில் தீராது. முதல் ஒரு வருடத்துக்கு என் சிபாரிசு இதுதான், இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நடுத்தர வகை: இத்தாலியின் லோங்கோனி கம்பெனியின் ப்ளூ டைமண்ட், ப்ரெடேட்டரின் 1080. கொஞ்சம் மெழுகு மாதிரி மிருதுவாகப் பூசும், சீராக நிற்கும். நான் ப்ளூ டைமண்ட் ஒரு பெட்டி பயன்படுத்தியிருக்கிறேன். மாஸ்டரைவிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு அடிக்கச் சொன்னால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது.

மேல்தட்டு: ஜப்பானின் காமுயி, பின்லாந்தின் டாம். அமெரிக்கக் கடைகளில் ஒரே ஒரு துண்டு 25, 30 டாலர் போகும். இந்தியாவில் விசாரித்தபோது எனக்குச் சொன்ன விலை இரண்டாயிரத்தைச் சுற்றி இருந்தது. காமுயி நன்றாக ஒட்டும், பல அடிகளுக்கு மறுபடி பூச வேண்டியதில்லை. ஆனால் அதே ஒட்டல் வைட்டிலும் துணியிலும் இருக்கும், ஆகவே பந்தைத் துடைத்துக்கொண்டே ஆட வேண்டும். டாம் நேர்மாறு. கறை குறைவு. ஸ்நூக்கர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதற்கு மாறியதற்கு அந்தக் கிக் பயம்தான் காரணம். டாமில் வி10, பைரோ என்று வகைகள் உண்டு, வி10 பச்சையிலும் நீலத்திலும் வருகிறது.

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு மேல்தட்டு சாக் தேவையில்லை என்பது என் கருத்து. டூர்னமெண்ட் ஆட ஆரம்பித்து, நல்ல துணியும் சுத்தமான பந்தும் உள்ள டேபிளில் பழகுகிறீர்கள் என்றால் டாம் வாங்குங்கள். அழுக்குப் பந்து உள்ள பார்லரில் டாம் போட்டு ஆடுவது, குண்டும் குழியுமான ரோட்டில் பந்தயக் கார் ஓட்டுவது.

5. நிறம்

துணி நிறத்துக்குப் பொருத்தமாக வாங்குங்கள்: நீலத் துணிக்கு நீலம், பச்சைத் துணிக்குப் பச்சை. அழகுக்குச் சொல்லவில்லை. பச்சைத் துணியில் நீலப் பொடி விழுந்தால் அப்பட்டமாகத் தெரியும், டேபிள்காரர் முகம் மாறும். துணி மாற்றுவது அவருக்குப் பெரிய செலவு. நம் ஊரில் பல இடத்தில் ஒரே கூரையின் கீழ் ஸ்நூக்கர் டேபிளும் பூல் டேபிளும் இருக்கும். இரண்டிலும் பச்சைத் துணி என்றால், இரண்டிலும் ஆடுகிறவர் பச்சை வாங்கினால் சண்டை இல்லை. சிவப்பு, கறுப்பு எல்லாம் விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன்னால்

என் எட்டாயிரத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் விழுந்தது. கணக்கைச் சொல்கிறேன். சாக் 27 டாலர். அனுப்பும் கட்டணம் 22 டாலர். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சுங்க வரி சாக்கின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. பொருள், அனுப்பும் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி. பிறகு வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் போடும். எனக்கு இவை மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம். கைக்கு வந்தபோது ஒரு துண்டுச் சாக்கின் விலை ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதே சாக் இந்தியாவிலேயே ஆன்லைனில் ஒரு க்யூ கடையில் இருந்தது, நான் தேடவே இல்லை. முதலில் இங்கே தேடுங்கள், பெங்களூர், மும்பைக் கடைகள் உட்பட.

இருந்தும் வரவழைத்தே ஆக வேண்டும் என்றால்:

ஆவணம். கூரியரில் வரும் பொருளுக்குச் சுங்கத்தில் கேஒய்சி கேட்பார்கள். ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்றின் நகலைத் தயாராக வையுங்கள். ஆர்டரில் போட்ட பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். என் ஆதாரில் ஊர் முகவரி, டெலிவரி சென்னை முகவரி. அதற்குத் தனியாக முகவரிச் சான்று கேட்டார்கள், வாடகை ஒப்பந்தத்தை அனுப்பிச் சரிசெய்ய ஐந்து நாள் போனது. காசு கட்டிய ரசீதையும் பிடிஎஃப்பாக வைத்திருங்கள், விலையில் சந்தேகம் வந்தால் கேட்பார்கள்.

நேரம். ஆர்டர் போட்ட நாளிலிருந்து எனக்குப் பதினேழு நாள் ஆனது. அடுத்த வாரம் டூர்னமெண்ட் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ஏமாற்று எஸ்எம்எஸ். பார்சலுக்குக் காத்திருக்கும்போது “சுங்கக் கட்டணம் நிலுவை, இங்கே கட்டவும்” என்று லிங்க் வரும். எனக்கும் வந்தது, பார்சல் கிளம்பும் முன்பே. லிங்க்கைத் தொடாதீர்கள். கூரியரின் தளத்துக்கு நீங்களே போய் டிராக்கிங் எண்ணை அடித்துப் பார்த்து, அங்கே தொகை காட்டினால் மட்டும் கட்டுங்கள்.

இதற்கெல்லாம் மேலான வழி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ அத்தை பையன், சித்தப்பா பையன் யாராவது இல்லாமலா இருப்பார்கள்? தீக்குச்சிப் பெட்டியைவிடச் சின்னப் பொருள், ஊருக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள். சாக்லேட் கேட்பதற்குப் பதில் சாக் கேட்டதற்குக் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான் செலவு.

7. போலியைக் கண்டுபிடிக்க

விலை உயர்ந்த சாக்குக்குப் போலி வருகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியின் அச்சு மங்கலாக இருக்கிறதா, கம்பெனி தளத்திலுள்ள படத்தோடு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிரித்தபின் வெள்ளைத்தாளில் ஒரு கோடு இழுங்கள். மணல் மணலாகக் கீறி உதிர்ந்தால் திருப்பிக் கொடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்தால் பணம் திரும்ப வாங்க உதவும்.

8. பூசும் விதம்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை. சாக்கை டிப் மேல் கவிழ்த்து வைத்து ‘கிரீச் கிரீச்’ என்று திருகுவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் சாக்கின் நடுவில் குழி விழும். குழி ஆழமானதும் அதன் சுவர் டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியையும் குச்சியையும் தேய்த்து நீலமாக்கும். பூச வேண்டிய உச்சியிலோ சரியாகப் படாது.

சாக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். நகப்பூச்சு போடுகிற மாதிரி டிப்பின் ஓரத்திலிருந்து உச்சிக்கு இழுங்கள். இன்னொரு கையால் குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். நாலைந்து இழுப்பு போதும். பிறகு விளக்குக்கு நேரே டிப்பைக் காட்டுங்கள். எங்காவது பழுப்பாகத் தோல் தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு இழுப்பு. அப்பிக்கொண்டு நின்றால் குச்சியை டேபிளுக்கு வெளியே லேசாகத் தட்டி உதிருங்கள். வாயால் ஊதாதீர்கள், அது சிலிக்காத் தூசி.

சாதாரணச் சாக் என்றால் ஒவ்வோர் அடிக்கும் பூசுங்கள். பிரேக்குக்கும்தான், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கும். வழுக்கிய பிறகு ஓடிப்போய்ப் பூசுவது, நனைந்தபின் குடை விரிப்பது. வகையை மாற்றும்போது பழைய சாக்கை டிப்பிலிருந்து சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள். நான் காமுயி மேலே டாமைப் பூசி ஒரு வாரம் ஆடிவிட்டு, “டாம் சுமார்தான்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

9. வைத்துக்கொள்வது

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் சாக் நமுத்துப்போன முறுக்கு மாதிரி ஆகி, பூசினால் வழவழவென்று போகும். காற்றுப் புகாத சின்ன டப்பாவில், புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். வேர்வைக் கையால் தேய்க்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். டேபிள் விளிம்பில் வைக்கும்போது அந்தப் பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும், கவிழ்த்தால் கட்டையிலும் அடுத்தவர் சட்டையிலும் அச்சு விழும். குழி பாதி ஆழம் வந்துவிட்டால் அந்தத் துண்டுக்கு விடை கொடுங்கள்.

இன்னொன்று. நல்ல சாக் வைத்திருப்பவர்களுக்கு அது தேய்ந்து தீர்வது அபூர்வம், தொலைந்துதான் தீரும். பார்லரில் விளிம்பில் வைத்த சாக் பொதுச் சொத்து. அடுத்த டேபிள்காரர் கெட்ட எண்ணம் இல்லாமலே எடுத்துக்கொண்டு போவார். என் ஆறாயிரம் ரூபாய்ச் சாக் பதினோராவது நாள் அப்படித்தான் போனது. மறுநாள் போய் மார்க்கரிடம் விசாரித்தேன். கவுண்டர் இழுப்பறையைத் திறந்து, அனாதையாகக் கிடந்த பத்துப் பன்னிரண்டு துண்டுகளை முன்னால் கொட்டி, “இதுல உங்களுது எது தம்பி?” என்றார். என்னுடையது அதில் இல்லை. காந்தம் வைத்த சாக் ஹோல்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். சாக் வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.